கல்லும் காரணமும்

பொத்தேரியினின்று வடக்கு நோக்கிச் செல்வார்க்கு, வண்டலூரும் தாம்பரமும் கடந்தபின் பல்லாவரத்துக் குன்றுகள் தோன்றும். அக்கருங்கல்லைச் சுட்டி, "இஃது என்றும் உள்ளது, இதனைத் தோற்றுவிப்பார் ஒருவர் வேண்டா" என அன்பர் ஒருவர் எம்மொடு வழக்கிட்டார். அதனை ஈண்டு ஆராய்வாம்.

கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கு என்பாரது கல்லறையில் அமைந்ததும் இவ்வினக் கல்லே. அதுபற்றித் தாமசு ஹாலந்து என்னும் நிலநூலார் 1893-ல் இதற்குச் சார்னோக்கைட்டு எனப் பெயரிட்டனர். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகட்கு முன், நிலத்தின்கீழ்ப் பேராழத்தே, 700 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தானும் பேரழுத்தத்தானும், முன்னிருந்த பாறை இவ்வுருப் பெற்றது. மேலிருந்த நிலம் தேய்ந்தொழிய வெளிப்பட்டது. இன்று மழையானும் வெயிலானும் சிதைந்து களியும் மணலும் ஆகின்றது. அவை நீர்வழிச் சென்று கடலிற் படிந்து இறுகின் படிவுப்பாறையாம். அது மீண்டும் ஆழ்ந்து வெந்தால் உருமாறும். உருகி ஆறினால் அனற்பாறையாம். ஆகலின், கல் என்றும் உள்ளது என்றல் பொருந்தாது.

அற்றேல், வெப்பமும் அழுத்தமுமே அமையும், கருத்தா எற்றுக்கெனின், கூறுதும். குடத்திற்கு மண் முதற்காரணம்; தண்டும் திரிகையும் துணைக்காரணம்; குயவன் நிமித்தகாரணம். நிலநூல் முன்னிரண்டையே ஆராயும். மூன்றாவதனை நிறுவுதலும் மறுத்தலும் அதன் தொழிலன்று. வெப்பமும் அழுத்தமும் சடமாகலின், தாமாக அறிந்து இயங்கா. அதனால் அவற்றைத் துணையென்றே சித்தாந்தம் கொள்ளும். எனவே நிலநூலைப் பகையென அஞ்சுதலும், அதனையே நம் கொள்கைக்குச் சான்றெனக் காட்டுதலும் ஒருங்கே பிழையாம்.

250 கோடி ஆண்டு நின்ற கல்லே மாறுமெனின், அறுபதாண்டு கண்ட இவ்யாக்கையை நம்பிச் செருக்குதல் என்னாம்? நிலையாயதனை நாடுதலே கடன் என்க.