கேட்பது பிள்ளை, காசு கொடுப்பது பெற்றோர்

மற்ற கடைகளில் பொருளை விரும்புகிறவரும் பணம் கொடுக்கிறவரும் பெரும்பாலும் ஒருவரே. பொம்மைக் கடையில் அப்படியில்லை. ஐந்து வயதுக் குழந்தை பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறது. அம்மா அதைத் திருப்பி விலையைத் தேடுகிறார். இந்த இருவருக்கும் நடுவில் நிற்கும் கடைக்கு யாரிடம் என்ன கடமை? அமெரிக்காவின் 'டாய்ஸ் ஆர் அஸ்' கடைகளுக்கு அறுபது ஆண்டுகளாகப் போய்வந்த குடும்பங்களின் அனுபவம், இந்தக் கேள்வியை எண்ணிப் பார்க்க நிறையவே இடம் தருகிறது.

சார்லஸ் லாசரஸ் 1948இல் வாஷிங்டனில் கடை திறந்தது தொட்டிலும் கட்டிலும் விற்கத்தான். போர் முடிந்து வந்த வீரர்கள் குடும்பம் நடத்தத் தொடங்கியிருந்த காலம். தொட்டில் வாங்கியவர்கள் அடுத்த பிள்ளைக்கும் அதையே வைத்துக்கொண்டார்கள். பொம்மை வாங்கியவர்களோ, அது உடைந்ததும் திரும்பி வந்தார்கள். இதைக் கவனித்த லாசரஸ், 1957இல் மேரிலாந்து மாநிலத்தின் ராக்வில்லில் பொம்மைக்கென்றே ஒரு பெரிய கடையைத் தொடங்கினார். சூப்பர் மார்க்கெட்டில் போல, வந்தவர்களே தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வேண்டியதை எடுத்துப் போடலாம். பெயர்ப்பலகையில் 'ஆர்' எழுத்து, எழுதப் பழகும் பிள்ளை எழுதியதுபோல இடவலம் மாறி நின்றது.

அந்தக் கடையால் நன்மை விளையவில்லை என்று சொல்ல முடியாது. பண்டிகைக்கு மட்டும் என்றில்லாமல் ஆண்டு முழுக்கப் பொம்மை கிடைத்தது, விலையும் குறைந்தது. நடுத்தர வருமானக் குடும்பத்துப் பிள்ளையும் பணக்கார வீட்டுப் பிள்ளையும் ஒரே வரிசையில் நடந்து, ஒரே பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்கள். இது சிறிய காரியமல்ல.

ஆனால் பொம்மை வியாபாரத்தின் மையத்தில் ஒரு வாக்குறுதி இருக்கிறது: "வாங்கித் தருகிறேன்" என்று பெற்றோர் பிள்ளைக்குச் சொல்லும் சொல். உளவியலாளர் ராபர்ட் சியால்டினி, மனிதர்கள் எப்படி இணங்க வைக்கப்படுகிறார்கள் என்பதைப் பற்றி 1984இல் வெளியிட்ட நூலில், இந்தச் சொல்லைச் சுற்றிப் பின்னப்பட்ட ஒரு தந்திரத்தை விவரிக்கிறார். கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு பொம்மையை அதன் தயாரிப்பாளர்கள் தொலைக்காட்சியில் ஓயாமல் காட்டுவார்கள். பிள்ளை கேட்கும், அப்பா சரி என்பார். கடைக்குப் போனால் சரக்கு இருக்காது. வேண்டுமென்றே குறைவாக அனுப்பியிருப்பார்கள். வெறுங்கையோடு திரும்ப முடியாத அப்பா, வேறு எதையாவது வாங்கிக் கொடுப்பார். ஜனவரியில் அதே விளம்பரம் மறுபடி வரும். "தருகிறேன் என்றீர்களே?" என்று பிள்ளை நினைவூட்டும். வியாபாரம் மந்தமாக இருக்கும் மாதத்தில் அப்பா இரண்டாவது முறை பணம் எடுப்பார்.

ஏமாற்றுகிறவர் வழக்கமாக நம் பேராசையைத்தான் பிடித்து இழுப்பார். இங்கே பிடித்து இழுக்கப்படுவது, பிள்ளைக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்ற நேர்மை. நல்ல அப்பாவாக இருப்பவருக்கே இழப்பு அதிகம். அதனால்தான் இந்தத் தந்திரம், சாதாரண விலை ஏமாற்றைவிடக் கொடியதாகத் தெரிகிறது.

பணம் பெற்றோர் கையில்தானே இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லத் தெரியாதது அவர்கள் குறைதானே என்று கேட்கலாம். அதில் உண்மை உண்டு. கேட்டதெல்லாம் கிடைக்காது என்று பிள்ளைக்குக் கற்றுத் தருவது வீட்டின் வேலை. ஆனால் அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பதைக் கடைக்காரரும் அறிவார். அதை அறிந்து, பிள்ளையின் கண் உயரத்தில் எதை வைப்பது என்று திட்டமிடுகிறவர், அழுகைக்கும் அடத்துக்கும் தனக்குச் சம்பந்தமில்லை என்று சொல்ல முடியாது.

பெற்றோரின் வாக்கை நம்பிப் பிழைக்கும் கடை, தன் வாக்கை எப்படிக் காப்பாற்றியது?

குறைந்த விலை என்பது 'டாய்ஸ் ஆர் அஸ்' தந்த முதல் வாக்கு. 1990களின் தொடக்கத்தில் மொத்த அளவில் விற்கும் கிடங்குக் கடைகள் அதைவிட மலிவாகப் பொம்மை விற்கத் தொடங்கின. அப்போது இந்நிறுவனம், மேட்டல், ஹாஸ்ப்ரோ உள்ளிட்ட தயாரிப்பாளர்களை நெருக்கி, அந்தக் கடைகளுக்கு அதே பொம்மையைத் தராமல், வேறு பொருளோடு சேர்த்துக் கட்டிய தனிப் பெட்டிகளை மட்டும் தரச் செய்தது. பொருள் ஒன்றாக இல்லாவிட்டால் விலையை எப்படி ஒப்பிடுவது? அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1998இல் இதைச் சட்டவிரோதம் என்றது. 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அத்தனை ஆண்டுகள் தள்ளுவண்டி உருட்டிய பெற்றோருக்கு, தாங்கள் ஒப்பிட முடியாதபடி வைக்கப்பட்டிருந்தது தெரியவே இல்லை.

இரண்டாவது வாக்கு 1999இல் முறிந்தது. இணையத்தில் ஆர்டர் செய்தால் கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடும் என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். ஆர்டர்கள் குவிந்தன, கிடங்குகள் திணறின. பலருக்குப் பொம்மை நேரத்துக்கு வராது என்ற செய்தி, பண்டிகைக்குச் சில நாட்களே இருக்கும்போது போய்ச் சேர்ந்தது. ஈடாக 100 டாலர் கூப்பன் தரப்பட்டது. தாமதத்தை முறைப்படி அறிவிக்கவில்லை என்ற புகாரில், இந்நிறுவனம் உட்பட ஏழு இணைய விற்பனையாளர்கள் 2000இல் மொத்தம் 15 லட்சம் டாலர் அபராதம் கட்டினார்கள். கூப்பன் பெற்றோரின் பணத்துக்கு ஈடாகலாம். கிறிஸ்துமஸ் தாத்தா வருவார் என்று நம்பித் தூங்கிய பிள்ளைக்கு அது எதற்கும் ஈடல்ல.

மூன்றாவது முறிவுதான் பெரியது. 2005இல் மூன்று முதலீட்டு நிறுவனங்கள் 660 கோடி டாலருக்கு இதை வாங்கின. அந்த விலையின் பெரும்பகுதி கடன். அதைச் சுமந்தது கடையேதான். வட்டிக்குப் போன பணம் கடையைப் புதுப்பிக்கவும் ஆள் சேர்க்கவும் கிடைக்கவில்லை. 2017 செப்டம்பரில் திவால் மனு. 2018 மார்ச்சில் அமெரிக்கக் கடைகள் அனைத்தையும் மூடுவதாக அறிவிப்பு. ஒரு வாரம் கழித்து லாசரஸ் 94 வயதில் காலமானார். கிஃப்ட் கார்டு வைத்திருந்தவர்களுக்கு ஒரு மாதம் அவகாசம் தரப்பட்டது. தாத்தாவோ பாட்டியோ பிறந்தநாளுக்குத் தந்து, மேசை டிராயரில் பத்திரமாகக் கிடந்த கார்டு, அந்த மாதம் கடந்ததும் வெறும் பிளாஸ்டிக். 30,000க்கு மேற்பட்ட ஊழியர்கள் பணிமுடிவு இழப்பீடு எதுவும் இல்லாமல் வெளியேறினார்கள். அவர்கள் போராடிய பிறகே, முதலீட்டாளர்களில் இரு நிறுவனங்கள் 2 கோடி டாலர் நிதி ஒதுக்கின. சட்டத்தில் இதற்கெல்லாம் விளக்கம் உண்டு. ஆனால் பிள்ளையின் பேரில் முன்கூட்டிப் பணம் வாங்கிவைத்த கடையை அடகு வைத்து விளையாடியது அறம் ஆகாது.

கனடாவின் கியூபெக் மாநிலம் இந்தச் சிக்கலை வேறு முனையில் தொட்டது. 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைக் குறிவைக்கும் வணிக விளம்பரத்தை 1980 முதல் அது தடுத்தது. 'இர்வின் டாய்' என்ற பொம்மை நிறுவனம் வழக்குத் தொடுத்தும், கனடாவின் உச்ச நீதிமன்றம் 1989இல் தடையை ஏற்றது. ஆனால் கடையின் கண்ணாடி ஜன்னலுக்கும் அலமாரி அலங்காரத்துக்கும் நிபந்தனைகளோடு விலக்கு இருக்கிறது. அதாவது சட்டம் கடை வாசலோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. உள்ளே கடையின் மனசாட்சிதான் காவல்.

உள்ளே நடப்பது எல்லாம் தவறு என்பதும் சரியல்ல. 1760இல் லண்டனில் தொடங்கி, 2019இல் ரிலையன்ஸ் கைக்கு வந்த 'ஹாம்லீஸ்' கடைகளில் ஊழியர்கள் குமிழி ஊதியும் விமானம் பறக்கவிட்டும் காட்டுகிறார்கள். பொம்மை உண்மையில் என்ன செய்யும் என்று பிள்ளை நேரில் பார்க்கிறது. தொலைக்காட்சி விளம்பரத்தைவிட இது நேர்மையானது. காட்டுவதில் பிழையில்லை. காட்டிய கையோடு பெட்டியைப் பிள்ளை கையில் திணிக்கும்போதுதான், அம்மாவின் 'வேண்டாம்' என்ற சொல் வெளியே வராமலே அடைபடுகிறது.

பிரிட்டனின் 'தி எண்டர்டெய்னர்' பொம்மைக் கடைகளில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை எண்ணி, காலையில் கடை திறந்ததும் முதல் ஒரு மணி நேரம் பாட்டை நிறுத்திவிடுகிறார்கள். பொம்மைகள் எல்லாம் வழக்கம்போல அலமாரியில் இருக்கின்றன, விற்பனையும் நடக்கிறது. குனிந்து, பிள்ளையின் காதருகே அம்மா மெதுவாகச் சொல்வது அந்த நேரத்தில் பிள்ளைக்குக் கேட்கிறது.