செவி வழிப் புகும் இம்சை



பாவாபுரியில் பகவான் மகாவீரர் வீடுபேறு அடைந்த வைகறையை நினைந்தே தீபாவளி நாளில் நம் ஜினாலயங்களில் தீபம் ஏற்றி வழிபடுகின்றோம். அதே நாளில் சென்னை மாநகரில் வேறொரு பணியும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தினர் ஒலிமானிகளை வைத்துப் பட்டாசுகளின் இரைச்சலை அளக்கின்றனர். தீபாவளிக்குச் சில நாள்களுக்கு முன்பு அளந்த அளவோடு அதனை ஒப்பிட்டும் பார்க்கின்றனர். அகிம்சா மூர்த்தியின் நிர்வாண நாளே இரைச்சலை அளக்கும் நாளாகவும் ஆகிவிட்டமை நம்மைச் சிந்திக்கச் செய்ய வேண்டாமா?

ஒலி என்பது யாது? அஃது ஆகாயத்தின் குணம் என்று வாதிட்ட சமயத்தார் உண்டு. உமாசுவாமி ஆசாரியரோ, தத்துவார்த்த சூத்திரத்தின் 5ஆம் அத்தியாயத்தில், ஒலியைப் புத்கலத்தின் பரியாயங்களுள் ஒன்றாக வைத்தருளினார். புத்கலம் ஆதலின் அது மோதும், தடுக்கப்படும், அளக்கவும் படும். காற்றில் பரவும் அழுத்த அலையே ஒலி என்று இன்றைய அறிவியலும் கூறுகின்றது. அவ்வழுத்தத்தைத்தான் ஒலிமானி வாங்கி, டெசிபல் என்னும் அலகில் காட்டுகின்றது. இவ்வலகை எளிதாக எண்ணிவிடலாகாது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு ஆகும். 20 கூடினால் நூறு மடங்கு ஆகும். 55க்கும் 75க்கும் சிறிது வேறுபாடே என நினைப்பது மயக்க அறிவாகும்.

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டு வகுக்கப்பெற்ற ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பு கட்டின. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றியுள்ள அமைதி மண்டலத்திற்குப் பகலில் 50, இரவில் 40 ஆகும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி இயக்குதலைப் பொதுவாகத் தடுத்தன. 2011இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சென்னை உள்ளிட்ட ஏழு மாநகரங்களில், இரவும் பகலும் ஓயாது ஒலியை அளக்கும் நிலையங்களை அமைக்கத் தொடங்கியது. காணாத தீமையைக் கண்டறியச் செய்த முயற்சி இது. நோயை அறிந்த பின்னரன்றோ மருந்து!

இரைச்சலால் விளையும் கேடு எத்தகையது? உட்செவியிலுள்ள நுண்ணிய மயிரணுக்கள் பேரொலியால் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அதனினும் மறைவான கேடு ஒன்று உண்டு. கண்ணுக்கு இமை உண்டு, செவிக்கு இல்லை. உறங்குபவன் விழிக்காவிடினும் அவன் உடல் ஒலியைக் கேட்டு அஞ்சுகின்றது. இதயத் துடிப்பு மிகுகின்றது. நாளடைவில் இரத்த அழுத்தமும் இதய நோயும் வருதற்கு இது துணையாகின்றது. இக்காரணம் பற்றியே, நல்லுறக்கத்திற்குப் படுக்கையறையில் 30 டெசிபலுக்கு மேல் தொடர் ஒலி கூடாது என உலக சுகாதார நிறுவனம் 1999இல் அறிவுறுத்தியது.

குழந்தைகளின் நிலையையும் எண்ணுவோம். நியூயார்க் நகரில் உயர்நிலை இரயில் பாதையை ஒட்டி ஒரு பள்ளி இருந்தது. பாதையை நோக்கிய வகுப்பறைகளில் பயின்ற சிறார், மறுபுறத்து அமைதியான அறைகளில் பயின்ற சிறாரினும் வாசிப்பில் பின்தங்கியிருந்ததை 1975இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பின்னர்த் தண்டவாளத்தில் இரப்பர் மெத்தைகள் இடப்பட்டன. வகுப்பறைகளில் ஒலியை உறிஞ்சும் கூரை அமைக்கப்பட்டது. 1981இல் வெளிவந்த ஆய்வில் அவ்வேறுபாடு மறைந்திருந்தது. அளந்தனர், அறிந்தனர், திருத்தினர். நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் நம் மும்மணி நெறிக்கும் இதற்கும் உள்ள ஒப்புமையை நோக்குக.

இரயிலுக்கேனும் ஒரு பயன் உண்டு. நம் விழாக்களில் தென்னையிலும் கோபுரத்திலும் கட்டப்படும் கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்கு என்ன பயன்? நான்கு மணிக்கே ஊர் முழுதும் அதிர்கின்றது. கைக்குழந்தையோடு கண்ணயர்ந்த தாய் விழிக்கின்றாள். நோயுற்ற முதியவர் புரண்டு படுக்கின்றார். தேர்வுக்குப் படிக்கும் மாணவன் நூலை மூடி வைக்கின்றான். எவரேனும் குறை கூறினால், "பகவான் திருநாமந்தானே!" என்கின்றோம். இக்குற்றத்தில் நாமும் பங்குடையோம் என்பதை ஒப்புக்கொள்வோம்.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் அநர்த்த தண்ட விரதத்தை விளக்கியுள்ளார். பயனின்றி உயிர்களுக்குத் துன்பம் இழைத்தலை நீக்குவதே அவ்விரதம். நிலம், நீர், தீ, காற்று இவற்றை வீணே கலக்குதலும் அதில் விலக்கப்பட்ட செயலேயாகும். காற்றை வீணே அதிரச் செய்யும் இரைச்சல் இதில் அடங்காதோ? மேலும், உயிரின் பத்துப் பிராணன்களுள் செவிப்பொறியும் ஒன்று. அசட்டையால் பிறர் செவிக்கு ஊறு விளைப்பது பிராணனுக்குச் செய்யும் ஊறேயாகும். கொல்லவில்லை என்பதனால் இம்சை இல்லையென ஆகிவிடாது.

சமவசரணத்தில் எழுந்த திவ்யத்வனியை நினைமின். தேவரும் மனிதரும் விலங்கும் தத்தம் மொழியில் உணர்ந்தனர் என்பது ஆகமம். அவ்வொலி எவ்வுயிரையும் அச்சுறுத்தவில்லை. அறவுரை நெஞ்சில் புகுவதற்குத் தெளிவு வேண்டும், உரப்பு வேண்டுவதன்று.

ஆதலின், வரும் திருவிழாவில் கூம்புகளை இறக்கிவிட்டு, ஆலயத்தினுள் அமர்ந்தோர்க்கு மட்டும் கேட்கும் சிறு பெட்டிகளை வைப்போம். பூசை நடைபெறும்போது ஒருவர் வீதியின் கடைசி வீடு வரை நடந்து சென்று, அங்குள்ள முதியவரை, "தங்களுக்கு இடையூறு உண்டோ?" என்று கேட்டு வரட்டும். ஒலிமானி இல்லாத ஊரில் அவ்வினாவே நமக்கு ஒலிமானி. நிர்வாண நாளின் வைகறையில் வெடிக்குப் பதிலாக ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், குடும்பத்தோடு சாமாயிகத்தில் அமர்வோம். அந்த அமைதியில் நம் மூச்சின் ஒலியை நாமே கேட்போம். அண்டை வீட்டாரும் அச்சமின்றி உறங்குவர்.

அகிம்சை தழைக்க! ஜினதர்மம் ஓங்குக!