நூறு நாள் கூலி

(லெந்து காலத் தியானக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் என்றால் நம் சபைகளில் ஒரு வசதி உண்டு. எல்லாரும் பக்கத்துப் பெஞ்சுக்காரருக்காகவே கேட்பார்கள். இன்று அப்படிக் கேட்க வேண்டாம்.

மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் பேதுரு ஒரு கணக்கோடு வருகிறார். குற்றம் செய்த சகோதரனை ஏழு தரம் மன்னித்தால் போதுமா என்கிறார். தாராளமாகத்தான் கேட்டார், நம்மில் பலர் இரண்டாம் தரத்திலேயே பேச்சை நிறுத்திவிடுவோம். இயேசுவோ ஏழெழுபது என்று சொல்லி, ஒரு ராஜாவின் கதையைத் தொடங்கினார். பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஒருவன், முழுவதும் தள்ளுபடியாகி அரண்மனையைவிட்டு வெளியே வருகிறான். வந்ததும், தனக்கு நூறு பணம் தரவேண்டிய சக வேலைக்காரனின் கழுத்தைப் பிடிக்கிறான்.

அந்தப் பணம் ஒன்று, அதாவது ஒரு தெனாரி, ஒருவனின் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்துக்குச் சுமார் 6,000 தெனாரி. அப்படியானால் முதல் கடன் ஆறு கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் உழைத்தாலும் அடைக்க இரண்டு லட்சம் வருஷம் பிடிக்கும். இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு, இரண்டாவது கடன் அற்பம் என்று பிரசங்கிகள் கடந்துபோவது வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. நூறு நாள் கூலி அற்பமா? நூறு நாள் வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு நேர்ந்த அநியாயம் ஒன்றுமில்லை என்று இயேசு சொல்லவே இல்லை. கடன் உண்மை, கேட்டு வாங்கும் உரிமையும் உங்களுடையதுதான். ஆறு கோடி நாள் கூலி தள்ளுபடியாகி வந்தவர் நீங்கள், அதனால் அந்த உரிமையை விட்டுவிடுங்கள் என்கிறார்.

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய மகன்கள் பிலிப்பும் திமோத்தேயுவும் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பிலிப்புக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஆறு. முப்பது வருஷத்துக்கு மேலாகத் தொழுநோயாளர்களோடு வாழ்ந்தவர் கிரகாம். அவர் மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். சொன்னதோடு ஊரைவிட்டுக் கிளம்பவில்லை. மகளோடு, அவர்கள் வாழ்ந்த பாரிபதாவிலேயே தங்கி, கிரகாம் பணிசெய்த தொழுநோய் இல்லத்தின் வேலையைத் தொடர்ந்தார். 2004-இல்தான் ஆஸ்திரேலியா திரும்பினார். 2005-இல் நம் நாடு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது.

வழக்கு தன் வழியில் நடந்தது. முதல் குற்றவாளிக்கு 2003-இல் மரண தண்டனை, 2005-இல் அது ஆயுள் தண்டனையானது, 2011-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மன்னிப்பையும் குற்றத்துக்கான சட்ட விளைவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது என்பதே கிளாடிஸின் நிலை. இதை நம் சபைகள் கவனிக்க வேண்டும். அடித்து உதைக்கும் கணவனிடம், மன்னித்துவிட்டுத் திரும்பிப் போ என்று ஒரு பெண்ணை அனுப்பிவைப்பது ஆலோசனை அல்ல, பாவம். அவள் மன்னிக்கலாம்; போலீஸுக்கும் போகலாம்.

இன்னொரு சிரமமும் இருக்கிறது. மன்னித்துவிட்டேன், ஆனால் நினைத்தால் இன்னும் எரிகிறதே, அப்படியானால் நான் மன்னிக்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. யோசேப்பின் கதையைக் கடைசிவரை படியுங்கள். தன்னை விற்றுப்போட்ட சகோதரர்களைக் கட்டிப்பிடித்து அழுததோடு அது முடிவதில்லை. யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் வாழ்ந்து மரிக்கிறார். தகப்பனை அடக்கம்பண்ணி வந்த கையோடு, இனி யோசேப்பு பழிவாங்குவான் என்று அண்ணன்மார் நடுங்கி ஆளனுப்புகிறார்கள். 17 வருஷம் அவன் சோற்றைச் சாப்பிட்டும் நம்பிக்கை வரவில்லை! யோசேப்பு அதைக் கேட்டு அழுதான்; பிறகு அவர்களுக்கு மறுபடியும் தைரியம் சொன்னான். ஏழெழுபது தரம் என்பது எத்தனையோ குற்றங்களுக்கு மட்டுமல்ல, திரும்பத் திரும்ப நினைவுக்கு வரும் ஒரே குற்றத்துக்கும்தான் என்று நான் எண்ணுகிறேன். காலையில் மன்னித்ததை மாலையில் மறுபடி மன்னிக்க வேண்டியிருந்தால், அது தோல்வியல்ல.

இதுவரை உங்களைக் கடன் கொடுத்தவராகவே வைத்துப் பேசினேன். சொத்துத் தகராறு, கல்யாணப் பேச்சு, சபைத் தேர்தல் என்று எந்தச் சண்டையை எடுத்தாலும் இரண்டு பக்கமும் தங்களுக்குத்தான் பாக்கி என்கிறது. மலைப் பிரசங்கத்தில் இயேசு இதைத் திருப்பிப் போடுகிறார். காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், அதை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகச் சொல்கிறார். கேட்டவர்களில் பலர் கலிலேயர்கள், பலிபீடம் இருந்தது எருசலேமில். போக ஏறக்குறைய மூன்று நாள் நடை, திரும்பி வர இன்னொரு மூன்று நாள்.

உங்களில் சிலருக்கு அந்தத் தூரம் நாலு பெஞ்சுதான். சிலருக்கு ஒரு போன். வருகிற ஞாயிறு திருவிருந்துக்கு முழங்கால்படியிடும் முன் உங்கள்மேல் குறை உள்ளவர் வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். அவர்கள் கதவைத் திறக்காவிட்டாலும், நீங்கள் திருவிருந்துக்கு வாருங்கள்.