பிரம்பும் செவியும்

காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து மாணவர்கள் வகுப்புகளுக்குச் செல்கிறார்கள். தாமதமாக வந்த ஏழெட்டுப் பேர் மட்டும் வாயிலருகே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். கழுத்தில் விசிலும் கையில் பிரம்புமாக அவர்கள் எதிரே உடற்கல்வி ஆசிரியர் நிற்கிறார். மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடிய பிறகே வகுப்புக்குச் செல்லலாம் என்பது அவரது கட்டளை. பாரதத்தின் எந்த மூலையிலுள்ள உயர்நிலைப் பள்ளியிலும் காணக்கூடிய காட்சி இது. அதே ஆசிரியரிடம் இன்று வேறொரு பொறுப்பும் வந்து சேர்கிறது. மாணவர்களின் உடல்நலத்தோடு மனநலத்தையும் அவர் பேண வேண்டும். அவர்கள் மனம் திறந்து பேசத்தக்கவராக விளங்க வேண்டும். மாணவர்கள் அஞ்சுகின்ற ஒருவரை அவர்களால் நம்பவும் இயலுமா?

2020 பிப்ரவரியில் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் இரண்டு ஆசிரியர்கள், இயன்றவரை ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக, நலத் தூதர்களாகப் பயிற்சி பெற வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ஊட்டச்சத்து முதல் மன உணர்வுகள், போதைப் பழக்கத் தடுப்பு, இணையப் பாதுகாப்பு வரை 11 தலைப்புகள் அதில் உள்ளன. இத்தகைய பணி உடற்கல்வி ஆசிரியரைத் தேடி வருவதில் வியப்பில்லை. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியபோது, அந்த இயக்கத்தின் சின்னமான முக்கோணம் உடல், மனம், ஆன்மா ஆகிய மூன்றையும் குறித்தது. முழு மனிதனைப் பேணும் கல்வியாகவே அக்கல்வி இங்கே வேரூன்றியது. பள்ளிகளோ அதைக் கற்றவரை 'டிரில் மாஸ்டர்' ஆக்கின. பிறகு ஒழுங்கு காக்கும் காவலராகவும் ஆக்கிவிட்டன.

மற்ற ஆசிரியர்கள் மாணவனைப் பெஞ்சுக்குப் பின்னால் அமர்ந்த நிலையில் மட்டுமே காண்கிறார்கள். மைதானத்தில் அவன் மறைந்துகொள்ள இடமில்லை. கோடை வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மடிக்க மறுப்பவன், சென்ற மாதம் வரை முதலாவதாக ஓடிவந்து இப்போது பாதியில் நின்றுவிடுபவன், வீட்டில் ஒன்றும் உண்ணாமல் வந்து வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழும் சிறுமி ஆகிய எல்லோரும் அவர் கண்ணில்தான் முதலில் படுகிறார்கள். காண்பதற்கு அவர் மனம் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மகாபாரதத்தில் துரோணர் தம் சீடர்களைச் சோதித்த நிகழ்ச்சி அனைவரும் அறிந்தது. மரத்தின்மீது வைத்த பறவையைக் காட்டி, என்ன தெரிகிறது என்று ஒவ்வொருவரையும் கேட்டார். மரம், பறவை, தம்பியர், ஆசாரியர் யாவும் தெரிவதாக யுதிஷ்டிரர் கூறினார்; விலகி நிற்கும்படி கட்டளை பிறந்தது. பறவையின் தலையன்றி வேறொன்றும் தெரியவில்லை என்ற அர்ஜுனனே அம்பு எய்தான். வில்வித்தைக்கு அர்ஜுனனின் பார்வையே பார்வை. ஆனால் மாணவர்களின் நலத்தைக் காக்க வேண்டியவர் யுதிஷ்டிரரைப் போலப் பார்க்க வேண்டியவர் அல்லவா? மாவட்டப் போட்டியில் கோப்பை வாங்கித் தரக்கூடிய ஒருவனை மட்டுமே காணும் ஆசிரியருக்கு மற்ற ஐம்பது பேரும் மரத்தின் இலைகளாகிவிடுகிறார்கள். ஏகலைவனின் கட்டைவிரலும் அந்தக் குறுகிய பார்வைக்குத்தான் பலியாயிற்று.

அணி பிரிக்கும் வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு தலைவர்கள் மாறி மாறி ஆட்களை அழைத்துக்கொள்கிறார்கள். இறுதியில் எவரும் அழைக்காத ஒருவன் தலை குனிந்து நிற்கிறான். "நீயே வைத்துக்கொள்" என்று இரு தரப்பும் அவனை ஒருவர்மீது ஒருவர் தள்ளுகிறார்கள். இது வாரந்தோறும் ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. அதில் கொடுமை எதுவும் நோக்கமில்லை. ஆசிரியருக்கு வேலை எளிது என்பதே காரணம். வகுப்பில் தன்மதிப்பைப் பற்றிச் சொல்லித்தரும் பாடத்தை அம்மாணவன் எவ்வாறு நம்புவான்? வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி அணி பிரிக்க இரண்டு நிமிடங்கள் போதும்.

தண்டனையின் தீங்கும் இத்தகையதே. எந்த ஓட்டம் உடலுக்கு உரமூட்டவும் மனச்சுமையைக் குறைக்கவும் வல்லதோ, அதே ஓட்டம் குற்றத்துக்குக் கூலியாகும்போது மாணவன் அதை வெறுக்கப் பழகுகிறான். மருந்தைக் கொண்டே மிரட்டும் வைத்தியரை எவரும் கண்டதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல்ரீதியான தண்டனையையும் மனத்துன்பம் அளிப்பதையும் தடை செய்தது. அச்சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது என்பதைக் காட்டி, ஒன்பதாம் பத்தாம் வகுப்பு மாணவர்கள் அதன் எல்லைக்குள் வரமாட்டார்கள் என்று வாதிடுவோரும் உண்டு. அவமானம் மிக ஆழமாகப் பதிவது அந்த வயதில்தான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

அச்சமின்றி அறுபது பேரைக் கட்டுப்படுத்த இயலுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஈட்டி எறியும் இடத்தில் குறுக்கே ஓடுபவனை அதட்டி நிறுத்தாத ஆசிரியர் அன்புடையவர் அல்லர், கவனமற்றவர். ஆனால் அந்த அதட்டல் தன்னைக் காக்கவே எழுந்தது என்பதை மாணவன் உணர்கிறான். விதிக்கு அஞ்சுவது வேறு, ஆசிரியரின் மனநிலைக்கு அஞ்சுவது வேறு. முதலாவது அச்சம் நம்பிக்கையைக் கெடுப்பதில்லை.

நம்பிக்கை பிறந்த பின்னும் ஆசிரியரின் இக்கட்டு தீர்வதில்லை. "ஐயா, ஒன்று சொல்ல வேண்டும், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள்" என்று மாணவி ஒருத்தி வந்து நின்றால் அவர் என்ன செய்வார்? வாக்குக் கொடுத்துக் கேட்டு, அது பாலியல் கொடுமை என்று தெரிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். சட்டம் இல்லாவிடினும் அவர் மௌனம் காப்பது தகாது. கொடுத்த வாக்கைப் பின்னர் மீறுவதோ, முன்பே ஒருமுறை ஏமாற்றப்பட்ட குழந்தையை இன்னொரு முறை ஏமாற்றுவதாகும். ஆகவே அவள் பேசத் தொடங்கும் முன்பே உண்மையைக் கூற வேண்டும்: "உன் பாதுகாப்புக்கு அவசியமானால் உரியவர்களிடம் சொல்வேன், அதையும் உன்னிடம் தெரிவித்த பிறகே செய்வேன், வேறு எவரிடமும் பேசமாட்டேன்." இதைக் கேட்டு அவள் திரும்பிப் போய்விடவும் கூடும். அந்த இழப்புக்குத் துணிந்துதான் நேர்மையாகப் பேச வேண்டியிருக்கிறது. ஆனால் திரும்பிப் போனவளை அவர் மறந்துவிடலாகாது. பெண் ஆசிரியை ஒருவர் பரிவோடு அவளை அணுக ஏற்பாடு செய்வதும் அவர் கடமையே.

தம் எல்லையையும் அவர் அறிந்திருக்க வேண்டும். குறுகிய காலப் பயிற்சி எவரையும் மருத்துவராக்காது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணை மாணவர்களுக்குச் சொல்லி வைப்பதில் அவருக்குக் குறைவொன்றுமில்லை.

பள்ளி நிர்வாகமும் இங்கே தன்னைச் சோதித்துக்கொள்வது நல்லது. ஆசிரியரை நலத் தூதர் என்று அறிவித்துவிட்டு, பொதுத்தேர்வு நெருங்கியதும் அவரது பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கடனாக வாங்கிக்கொள்வதைப் பல பள்ளிகளில் காணலாம். அந்தக் கடன் திருப்பித் தரப்படுவதில்லை. மாணவர்களின் மனம் மிக இறுகியிருக்கும் மாதங்களில்தான் மைதானம் வெறிச்சோடிக் கிடக்கிறது.

வாயிலருகே நின்ற அந்த ஏழெட்டுப் பேரில் ஒருவன், குடித்துவிட்டு வந்த தந்தையால் இரவு முழுவதும் உறங்காதவனாக இருக்கலாம். இன்னொருவன் வெறும் சோம்பலால் தாமதித்திருக்கலாம். பத்துச் சுற்று ஓடி முடித்த பின் இருவருக்கும் வேறுபாடில்லை; இருவரும் வியர்த்து, வாய்மூடி வகுப்புக்குப் போகிறார்கள். பிரம்பை அலமாரியில் வைத்துவிட்டு, ஒவ்வொருவரையும் தனியே அழைத்து "ஏன் தாமதம்?" என்று கேட்பதற்கு நாள்தோறும் கால் மணி நேரம் செலவாகும். முதல் நாள் அனைவரும் பேருந்து வரவில்லை என்றுதான் சொல்வார்கள். இரண்டாம் நாளும் அதையே சொல்லக்கூடும். மூன்றாம் நாளும் அவர் கேட்க வேண்டியிருக்கும்.