ஊரை நினைத்து ஏங்குதல் பற்றாகுமா?

வந்தவாசி, திண்டிவனம், ஆரணிப் பகுதிச் சிற்றூர்களை விட்டு நம் குடும்பங்கள் பல பிழைப்பு நாடிச் சென்னைப் பக்கம் வந்தன. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை தோன்றிய பின், சுற்றுப்புற வயல்வெளிகள் படிப்படியாகக் குடியிருப்புகளாயின. இன்று வெள்ளானூரில் வீடு கட்டி வாழ்வோர் நெஞ்சிலும் பிறந்த ஊரின் ஜினாலயமும் களத்துமேடும் நீங்குவதில்லை. இவ்வேக்கம் அறுக்க வேண்டிய பற்றா, போற்ற வேண்டிய நன்றியா?

துறவியர் மழைக்கால நான்கு மாதம் தவிர ஓரிடத்தில் நிலைத்துத் தங்கார். ஊரும் உறவும் ஆன்மாவுக்கு வேறானவை என்பதை அந்நியத்துவ பாவனை உணர்த்துகிறது. ஆயினும், இல்லறத்தார்க்கு விதித்தது முற்றத் துறத்தல் அன்று, அளவு செய்துகொள்ளல். செல்லும் தொலைவுக்கும் எல்லை வகுப்பது திக்விரதம். அவ்வாறே ஏக்கத்துக்கும் அளவு வேண்டும்.

அவ்வளவை எவ்வாறு அறிவது? அண்டை வீட்டாரை என்றும் அயலாராகவே எண்ணச் செய்யுமாயின் அது பற்று. பூட்டிக் கிடக்கும் பூர்விக வீட்டுக்காக உடன்பிறந்தாரோடு வழக்காடச் செய்யினும் பற்றே. ஊரிலுள்ள முதியோரைப் பேணவும், ஆலய விளக்குக்கு எண்ணெய் அளிக்கவும் தூண்டின் அஃது அறம். கடல்கடந்து உழைக்கும் பிலிப்பைன்ஸ் நாட்டவர் பெட்டி நிறையப் பொருள் சேர்த்து இல்லத்துக்கு அனுப்புவர். அவர்தம் ஏக்கம் ஈகையாகிறது.

வெள்ளானூரில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு அதுவே சொந்த ஊர். அவர்களை மேல்சித்தாமூர்த் தேர்த்திருவிழாவுக்கு அழைத்துச் செல்வோம். நம் ஏக்கத்தை அவர்கள்மேல் சுமத்த வேண்டா. நன்றியைக் கற்பித்தால் போதும்.