குளிரில் குறைய வேண்டிய தீவனம்

வனாமி இறாலுக்குப் பூர்வீகம் மெக்சிகோவிலிருந்து பெரு வரையிலான பசிபிக் கரை. 2009-இல் இந்தியப் பண்ணைகளுக்குள் வந்து, வரிப்புலி இறாலின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 28 முதல் 32 டிகிரி செல்சியஸ் சூடுள்ள தண்ணீர் அதற்குத் தோது. நாகை, வேதாரண்யம் பக்கத்துக் குளங்களில் ஆண்டின் பெரும்பகுதி அந்தச் சூடு தானாகவே கிடைக்கிறது. ஐப்பசி அடைமழையிலும் மார்கழிப் பனியிலும்தான் சிக்கல்.

இறாலின் உடற்சூடு தண்ணீரின் சூடுதான். தண்ணீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தப்படும், தீனி குறையும், ஓடு கழற்றும் இடைவெளி நீளும். ஓட்டைக் கழற்றாமல் வளர்ச்சி ஏது? 20 டிகிரிக்குக் கீழே அது ஏறக்குறைய நின்றுவிடும். 15-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. ஹரியானா, பஞ்சாபின் உவர்நிலக் குளங்களில் பனிக்காலத்துக்கு முன்பே இறாலைப் பிடித்துவிடுவது இதனால்தான்.

நம் கரையில் தண்ணீர் அவ்வளவு குளிர்வதில்லை. இங்கே இழப்பு வேறு வழியில் வருகிறது. இறால் தீனியைக் குறைத்துக்கொள்கிறது. வீசுகிற கை குறைப்பதில்லை. மிச்சம் அடியில் அழுகி அம்மோனியாவாகிறது. கறுத்த சேற்றில் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் கூடுதலாகக் கரையும் என்பது உண்மைதான். அந்த லாபத்தை அழுகும் தீவனமே தின்றுவிடும். போதாததற்கு, உப்பில்லாத மழைநீர் எடை குறைந்ததால் மேலே தனி அடுக்காக நிற்கும். ஏரேட்டரை ஓட்டிக் கலக்காவிட்டால், இறால் கிடக்கும் அடித்தண்ணீருக்குக் காற்று எட்டாது.

ஆகவே மழை பிடித்த நாளில் முதலில் பார்க்க வேண்டியது, இறால் தின்றதைச் சோதிக்கக் குளத்தில் இறக்கும் தட்டான செக் ட்ரேயை. மருந்துக்கடைக்கு ஓடுவதெல்லாம் அப்புறம். தட்டில் தீவனம் மிஞ்சியிருந்தால் அடுத்த வேளையின் அளவைத் தயங்காமல் குறைக்க வேண்டும். காலைத் தீவனத்தை வெயில் ஏறிய பிறகு போடலாம்.

வெள்ளைப்புள்ளி நோய்க்கும் குளிருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. தண்ணீரை 32, 33 டிகிரியில் வைத்த ஆய்வகச் சோதனைகளில் அந்த நோயின் வைரஸ் பெருகுவது வெகுவாகக் குறைந்தது. 26, 27 டிகிரியில் இறால்கள் கூட்டமாக மடிந்தன. மழைக்காலத்தில் குளத்தின் சூடு இறங்கி நிற்பது பெரும்பாலும் அந்த அளவில்தான்.

நண்டு வளர்க்கும் குளத்திலும் இதே கதைதான். சேற்று நண்டு குளிரில் மண்ணுக்குள் புதைந்து அசையாமல் கிடக்கும். அதற்குப் போடும் கழிவுமீன், இறாலுக்கான உலர்தீவனத்தைவிடச் சீக்கிரம் கெட்டுப்போகும். தொடாமல் கிடக்கும் துண்டுகளை அன்றன்றே அள்ளி வெளியே எடுத்துவிட வேண்டும்.