சாலை அட்லஸும் ஆப்த வாக்கியமும்

அச்சிட்ட சாலை அட்லஸை வைத்துக்கொண்டு அயல்நாட்டில் கார் ஓட்டுபவர், தாம் ஒருமுறையும் பார்த்திராத ஊருக்குப் பார்த்திராத சாலை வழியே போகிறார். ஆனாலும் அடுத்த ரவுண்டானாவில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், அங்கிருந்து ஊர் எத்தனை கிலோமீட்டர் என்பதெல்லாம் புறப்படும் முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. இப்படித் தெரிந்திருப்பதை அறிவு என்று சொல்லலாமா, நம்பிக்கை என்றுதான் சொல்ல வேண்டுமா? கண்ணால் காணாததைப் பிறர் சொல்லைக் கொண்டு அறிய முடியுமா என்பது இந்தியத் தத்துவ மரபுகள் நெடுங்காலம் வாதிட்ட கேள்வி. வேதமும் ஆகமமும் எந்த அளவுக்குச் செல்லும் என்பது அதன் விடையைப் பொறுத்தே அமைந்தது.

அட்லஸ் பார்வைக்குப் படம். பயன்பாட்டில் அது வாக்கியங்களின் தொகுப்பு. பிரான்சுக்கான மிஷலின் அட்லஸை எடுத்துக்கொள்ளலாம். அந்த நிறுவனம் 1910 முதல் வெளியிட்ட வரைபடத் தாள்களின் அளவான 1:2,00,000 அதில் இன்றும் தொடர்கிறது. பக்கத்தில் 1 செ.மீ. என்றால் தரையில் 2 கி.மீ. சிவப்புக் கோடு முக்கியச் சாலை, மஞ்சள் அதற்கு அடுத்தது, வெள்ளை உள்ளூர்ச் சாலை. கோட்டை ஒட்டிப் பச்சைக் கரை ஓடினால் அது இயற்கை எழில் மிக்க வழி. கோட்டின் மேல் அம்பு முனை ஒன்று இருந்தால் ஏற்றம் 5 முதல் 9 விழுக்காடு. இரண்டு இருந்தால் 9 முதல் 13. மூன்று என்றால் 13-க்கும் மேல். முனை நோக்கும் திசையே ஏறும் திசை. எதிர்ப்பக்கம் வருபவருக்கு அதே இடம் செங்குத்தான இறக்கம் என்பது தனியாக எழுதப்படவில்லை. வாசிப்பவர் அதை ஊகித்துக்கொள்கிறார். இடத்துக்கு வந்து, கியரைக் குறைக்கும்போது கண் அதை உறுதி செய்கிறது. உரை, கருதல் (அனுமானம்), காட்சி என்ற மூன்றும் ஒரே அம்பு முனையில் அடுத்தடுத்துத் தொழிற்படுகின்றன.

இந்த மூன்றையும் அறிவின் வாயில்களாக எல்லா மரபுகளும் ஏற்கவில்லை. சார்வாகருக்குக் காட்சி ஒன்றே அளவை, அதாவது அறிவின் வாயில். வைசேடிகரும் திங்நாகரின் வழிவந்த பௌத்தரும் காட்சியோடு அனுமானத்தையும் ஏற்று, பிறர் சொல்லால் வரும் அறிவை அனுமானத்துக்குள் அடக்கினர். சொல்பவர் நம்பத்தக்கவர், ஆகவே சொன்னது மெய்யாகும் என்று கேட்பவர் ஊகிக்கிறார் என்பது அவர்கள் கருத்து. நியாய மரபு சொல்லைத் தனி அளவையாக வைத்தது. தமிழில் 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரும் அளவையை ஆராய்கிறது; பிறர் கூறும் பல அளவைகளும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்பது அதன் முடிவு.

சொல்லை அளவையாக ஏற்றால், யாருடைய சொல் என்ற கேள்வி எழும். ஆப்தர் சொல்லே அளவை என்கிறது நியாய சூத்திரம். பொருளை நேரே அறிந்து, அறிந்தபடியே பிறருக்குத் தெரிவிக்க விரும்புபவர் ஆப்தர் என்று அதற்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் விளக்குகிறார். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் அவர் சேர்க்கிறார். குலம், தேசம் எதுவும் நிபந்தனையாக வரவில்லை. அந்த விளக்கத்தின்படி, முகம் தெரியாத பிரெஞ்சு வரைபடக்காரரும் சாலையைப் பொறுத்தவரை ஆப்தராகத் தகுதி உடையவர்.

ஆனால் தெரிவிக்கும் விருப்பத்தில் பழுது நேரலாம். 1930-களில் அமெரிக்காவின் ஜெனரல் டிராஃப்டிங் நிறுவனத்தின் தலைவர் ஆட்டோ லிண்ட்பெர்க்கும் உதவியாளர் எர்னஸ்ட் ஆல்பர்ஸும் நியூயார்க் மாநில வரைபடத்தில், கேட்ஸ்கில் மலைப் பகுதியின் ஒரு மண்சாலைச் சந்திப்பில், ‘அக்லோ’ என்று இல்லாத ஊர் ஒன்றைப் பதித்தனர். தங்கள் படத்தைத் திருடுபவரைப் பிடிக்க வைத்த பொறி அது. பின்னர் போட்டி நிறுவனமான ராண்ட் மெக்னாலியின் படத்திலும் அக்லோ வந்தது. திருட்டு அம்பலமாயிற்று என்று எண்ணியபோது வேறு செய்தி தெரிந்தது: அந்த இடத்தில் கடை போட்ட ஒருவர், வரைபடத்தில் பார்த்த பெயரையே கடைக்கு வைத்துவிட்டார். பொய்யாகச் சொன்னது தற்செயலாக மெய்யானது. நியாய இலக்கணத்தின்படி அக்லோவைப் பதித்தவர்கள் அந்த ஒரு புள்ளியில் ஆப்தர்கள் ஆகார். பொருளையும் அவர்கள் அறியவில்லை, அறிந்ததைச் சொல்லும் நோக்கமும் இல்லை. சொன்னது பின்னால் பலித்ததால் சொன்னவருக்கு அறிவு இருந்ததாக ஆகிவிடாது.

நம்பத்தக்க நூலிலும் தவறு இருக்கலாம் என்றால், அதை எப்படிக் கையாள்வது? இங்கே மீமாம்சை மரபினரான மீமாம்சகரும் நியாய மரபினரான நையாயிகரும் பிரிகின்றனர். அறிவு தன்னளவிலேயே செல்லுபடியாகும், பின்னால் வரும் அறிவு மறுத்தால் மட்டுமே அதைக் கைவிட வேண்டும் என்பது 7-ஆம் நூற்றாண்டின் மீமாம்சகரான குமாரில பட்டர் விரித்துரைத்த கொள்கை. நையாயிகருக்கு அது போதாது. அறிவைக் கொண்டு செயலில் இறங்கி, செயல் பலித்த பிறகே அதன் மெய்ம்மை நிறுவப்படும்.

ஓட்டுநரின் நடைமுறையில் இரண்டும் உண்டு. அட்லஸின் ஒவ்வொரு வரியையும் முதலில் சோதித்துவிட்டுத்தான் புறப்படுவேன் என்பவர் ஒருநாளும் வண்டியை எடுக்க மாட்டார். ஆகவே ஓட்டுநர் சோதிக்காமலே நம்பிப் புறப்படுகிறார்; அந்த அளவில் அவர் மீமாம்சகர். வழியில் ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் பக்கத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே போவதில் அவர் நையாயிகர். 2006-இல் பிரான்சின் தேசிய நெடுஞ்சாலைகள் பல மாவட்ட நிர்வாகங்களுக்கு மாற்றப்பட்டு, புதிய எண்கள் பெற்றன. ஆல்ப்-மரிட்டீம் மாவட்டத்தில் என்7 என்ற புகழ்பெற்ற சாலை டி6007 ஆயிற்று. பழைய பதிப்பை வைத்திருப்பவருக்குப் பலகை ஒன்றும் பக்கம் ஒன்றும் சொல்லும். அப்போது அவர் அட்லஸைத் தூக்கி எறிவதில்லை. ஊர்ப்பெயர், ஆறு, ரயில் பாதை ஆகியவை பொருந்துகின்றனவா என்று பார்த்து, எண்ணை மட்டும் திருத்திக்கொள்கிறார். மறுக்கப்பட்டது ஒரு வாக்கியம். நூலின் மற்ற வாக்கியங்கள் நிற்கின்றன.

வழி சொல்லும் அறிவைப் பற்றிக் கிரேக்கத்திலும் இதே ஆராய்ச்சி நடந்தது. பிளேட்டோவின் ‘மேனோ’ உரையாடலில் சாக்ரட்டீஸ் லாரிஸா நகருக்குப் போகும் பாதையை உதாரணமாக எடுக்கிறார். பாதையை அறிந்தவரும், அங்கே போகாமலே அதைச் சரியாகக் கருதுபவரும் பிறரை ஒரே மாதிரி கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அப்படியானால் அறிவுக்கு என்ன கூடுதல் மதிப்பு? சரியான கருத்து நிலைப்பதில்லை, காரணத்தோடு கட்டப்பட்டால்தான் நிலைக்கும் என்பது சாக்ரட்டீஸின் விடை. ஜி.பி.எஸ். குரலுக்கும் அட்லஸ் பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை இது விளக்குகிறது. குரல் ‘இடப்பக்கம் திரும்பு’ என்று விதிக்கிறது. கேட்பவர் திரும்பும்போது அவர் கருத்து சரிதான், ஆனால் காரணம் அவர் கையில் இல்லை. சிக்னல் அறுந்தால் கருத்தும் அறுந்துபோகும். பக்கம் எதையும் விதிப்பதில்லை. மலை எங்கே, பாலம் எங்கே, மாற்றுச் சாலை எங்கே என்று உள்ளதை உள்ளபடி காட்டி, முடிவை வாசிப்பவரிடம் விடுகிறது. பாலம் மூடியிருந்தால் வேறு வழி தேட அவரால் முடியும்.

சாலை அட்லஸின் இந்த வெற்றியைக் கொண்டு சமய நூலின் மெய்ம்மையை நிறுவலாமா? நியாய சூத்திரம் சொல்லை இரண்டாகப் பிரிக்கிறது: இம்மையில் காணத்தக்க பொருளைப் பற்றியது, காணவியலாப் பொருளைப் பற்றியது. ஆயுர்வேதம் சொன்ன மருந்து பலிப்பதைப் பார்க்கிறோம். அத்தகைய ஆப்தர்கள் வாக்கான வேதத்தையும் காணாப் பொருளில் நம்பலாம் என்று அந்த மரபு வாதிடுகிறது. சாலை அட்லஸ் முழுவதும் முதல் வகையைச் சேர்ந்தது. அதன் ஒவ்வொரு கூற்றுக்கும் சில கிலோமீட்டர் தூரத்தில் சோதனை காத்திருக்கிறது. தவறினால் அடுத்த பதிப்பில் திருத்தம் வரும். சுவர்க்கம் பற்றிய கூற்றுக்கு அந்தச் சோதனை இல்லை, பயணம் முடிந்து திரும்பி வந்து திருத்தம் சொல்பவரும் இல்லை. ஆகவே பிறர் சொல்லால் அறிவு பிறக்கும் என்பதற்கு அட்லஸ் போதுமான சான்று. காணாப் பொருளைப் பற்றிய சொல்லும் அறிவுதான் என்பதற்கு அது சான்று ஆகாது. அதை நிறுவ விரும்புபவர் வேறு காரணம் காட்ட வேண்டும்.